ஞாயிறு கோயில், திங்கள் பரிணாமம்

கேள்வி: ஐயா, ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். பரிணாமம் பாடம் ஆரம்பித்த மறுநாளே ஒரு மாணவனின் அப்பா நேரில் வந்துவிட்டார். சண்டைக்கு வரவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், நீ மிருகத்துல இருந்து வந்தவன்னு சொல்லிக் கொடுத்தா பிள்ளை நாளைக்கு மிருகமாத்தானே நடப்பான்? ஹிட்லரும் இதைப் படிச்சுத்தானே அத்தனை பேரைக் கொன்னான்?" என்றார். ஸ்டாஃப் ரூமில் வந்து சொன்னேன். வரலாற்று ஆசிரியர் சிரித்துவிட்டு, "கடவுள் படைச்சார்னு நம்புறவன்தான் சாதியையும் நம்புறான்னு போய்ச் சொல்லுங்க" என்றார். எனக்கு இரண்டுமே உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு, பைபிளில் உலகப் படைப்பைச் சொல்லும் ஆதியாகமம் சொல்லிக் கொடுப்பவள் நான். திங்கட்கிழமை இந்தப் பாடத்தையும் நடத்துகிறேன். படைப்பு, பரிணாமம் இரண்டில் எதை ஏற்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவருடைய ஒழுக்கமும் அரசியலும் மாறிவிடுமா? அந்த அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் நான். அந்த அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். வருஷத்துக்கு ஒரு முறை வேறு முகத்தோடு என்னிடமும் வருவார். ஆரம்பத்தில் அவருக்குப் பாடம் புரியவில்லை என்று நினைத்து, பெஞ்சில் உட்காரவைத்துப் புதைபடிவம், டி.என்.ஏ. என்று விளக்கி அனுப்புவேன். தலையாட்டிவிட்டுப் போவார், மனசு ஆறாமலே போவார். அவர் கேட்டது உயிரியல் கேள்வியே இல்லை என்று எனக்கு உறைக்கப் பத்து வருஷம் ஆனது. "என் பிள்ளை என்ன ஆவான்?" என்பதுதான் அவர் கேள்வி.

அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் இதே பயத்தை ஒருவர் கோர்ட்டு வரை கொண்டுபோனார். டென்னசி மாநிலத்து வழக்கு, நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனிதன் கீழான விலங்கிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளியில் கற்பித்தால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம் என்று 1925 மார்ச்சில் அங்கே சட்டம் போட்டார்கள். ஜூலையில் டேட்டன் என்ற சின்ன ஊரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது வாத்தியாரைக் கூண்டில் ஏற்றினார்கள். அவர் முறையான உயிரியல் ஆசிரியர்கூட இல்லை. விளையாட்டுப் பயிற்சியாளர், உயிரியல் ஆசிரியர் வராத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொண்டவர். ஊர்ப் பெயர் நாலு இடத்தில் அடிபடட்டும் என்று ஊர்ப் பிரமுகர்கள் ஒரு மருந்துக்கடை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி ஏற்பாடு செய்த வழக்கு அது. வேடிக்கை என்னவென்றால், பள்ளிப் பாடப்புத்தகம் விற்றதும் அதே மருந்துக்கடைதான். மாநில அரசே அங்கீகரித்த புத்தகம், அதற்குள் மாநில அரசே தடுத்த பாடம்! கோட்டு சூட்டு போட்ட சிம்பன்சி ஒன்றையும் ஊருக்குள் கொண்டுவந்து காட்டினார்கள். ஒன்பது நிமிஷத்தில் ஜூரி குற்றவாளி என்றது. அபராதம் 100 டாலர். இரண்டு வருஷம் கழித்து மேல் கோர்ட்டு, அபராதத் தொகையை ஜூரிதான் நிர்ணயித்திருக்க வேண்டும் என்ற நுட்பத்தைப் பிடித்துத் தீர்ப்பை ரத்து செய்தது.

அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனை நம் பக்கத்துக் கட்டுரைகளில் கோமாளி மாதிரியே காட்டுவார்கள். நானும் பல வருஷம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிச் சிரிக்கவைத்தேன். அந்த மனிதர் மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்றவர். கடனில் மூழ்கிய விவசாயிகளின் ஆள். பெண்களுக்கு ஓட்டு வேண்டும், பணக்காரனுக்கு வருமான வரி வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசியவர். நாடு போரை நோக்கிப் போகிறது என்று 1915-ல் வெளியுறவு அமைச்சர் பதவியையே தூக்கிப் போட்டவர். முதல் உலகப் போரின்போது ஜெர்மன் ராணுவத் தலைமையகத்தில் பழகிய வெர்னான் கெல்லாக் என்ற அமெரிக்க விலங்கியலாளர், அங்கே அதிகாரிகள் சாப்பாட்டு மேசையில் இயற்கைத் தேர்வைச் சொல்லித்தான் போரை நியாயப்படுத்தினார்கள் என்று எழுதியிருந்தார். இதையெல்லாம் படித்த பிரையன், வலுத்தவன் இளைத்தவனை மிதிப்பதே இயற்கை என்ற பேச்சுக்கு வேர் டார்வின்தான் என்று முடிவு கட்டினார். உங்கள் பள்ளிக்கு வந்த அப்பாவும் அதையேதான் சொல்கிறார்.

அந்த வழக்கின் பாடப்புத்தகம் ஜார்ஜ் ஹண்டர் என்பவர் எழுதியது, 1914-ல் வெளிவந்தது. பரிணாமப் பகுதியின் முடிவில் மனிதரை ஐந்து இனமாகப் பிரித்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வெள்ளையர்தான் உயர்ந்த வகை என்று முடிக்கிறது. பரம்பரை பற்றிய பகுதியில் குடிகாரரும் குற்றவாளிகளும் மலிந்தவை என்று சில குடும்பங்களைக் காட்டி, இவர்கள் சமுதாயத்தின் ஒட்டுண்ணிகள் என்கிறது. வெறும் விலங்குகளாக இருந்தால் பரவாமல் தடுக்க இவர்களைக் கொன்றிருப்போம், மனிதராகப் போனதால் அது முடியாது, ஆனால் விடுதிகளில் ஆணையும் பெண்ணையும் பிரித்துவைத்து இனம் பெருகாமல் தடுக்கலாம் என்று பள்ளிப் பிள்ளைக்குப் புத்தி சொல்கிறது. பரிணாமத்துக்கு ஒட்டுப்போட்ட வால் இது. கோர்ட்டில் இரண்டு தரப்பும் ஆதியாகமத்தைச் சுற்றியே மல்லுக்கட்டின, இந்த வாலை யாரும் பிடித்து இழுக்கவில்லை. பிரையனின் பயத்துக்குச் சாட்சி அந்தப் புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது.

அப்படியென்றால் அந்த அப்பா சொல்வது சரியா? கொஞ்சம் பொறுங்கள். டென்னசியை விட்டுப் பக்கத்து மாநிலமான வர்ஜீனியாவுக்கு வருவோம். நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயமே அங்கேதான் இருக்கிறது.

1924 மார்ச் 20. ஒரே நாளில் வர்ஜீனியா இரண்டு சட்டம் போட்டது. ஒன்று, 'மனவளர்ச்சி குன்றியோர்' என்று அரசு விடுதி முத்திரை குத்துகிறவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்பது. இன்னொன்று, வெள்ளையர் வேற்று இனத்தாரைக் கல்யாணம் செய்யக் கூடாது என்பது. இரண்டையும் கொண்டுவந்தவர்கள் ரத்தம் கெட்டுப்போகும், பரம்பரை தேய்ந்துபோகும் என்று அன்றைய உயிரியல் பாஷை பேசிய இனமேம்பாட்டுக்காரர்கள். முதல் சட்டத்தில் சிக்கியவர் கேரி பக் என்ற இளம்பெண். வளர்ப்பு வீட்டாரின் உறவுக்காரன் ஒருவனால் பலாத்காரத்துக்கு ஆளாகிக் கர்ப்பமானவரை, ஒழுக்கம் கெட்டவள், அறிவு மந்தம் என்று சொல்லி விடுதியில் தள்ளினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அம்மை குத்தக் கட்டாயப்படுத்தலாம் என்றால் கருக்குழாயை வெட்டவும் கட்டாயப்படுத்தலாம், மூன்று தலைமுறை மந்தபுத்தி போதும் என்று 1927-ல் எழுதினார் நீதிபதி ஹோம்ஸ். எட்டுப் பேர் ஒரு பக்கம். எதிர்த்தவர் ஒரே ஒருவர், கத்தோலிக்கரான பியர்ஸ் பட்லர். மூன்றாவது தலைமுறை என்று சொல்லப்பட்ட அந்தக் குழந்தை பள்ளியில் நல்ல மார்க் வாங்கி, எட்டு வயதில் நோயில் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது சட்டம் நாற்பது வருஷத்துக்கு மேல் நின்றது. மில்ட்ரெட், ரிச்சர்ட் லவிங் என்ற கறுப்பு–வெள்ளைத் தம்பதியை 1958-ல் நடுராத்திரி படுக்கையறைக்குள் புகுந்து போலீஸ் பிடித்தது. அந்தச் சட்டம் சரிதான் என்று 1965-ல் எழுதிய நீதிபதி சொன்ன காரணத்தைப் படித்துப் பாருங்கள். சர்வவல்லமையுள்ள கடவுள் வெள்ளை, கறுப்பு, மஞ்சள், மலாய், சிவப்பு என்று இனங்களைப் படைத்துத் தனித்தனிக் கண்டங்களில் வைத்தார், பிரித்து வைத்ததே அவை கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்றார். இனமேம்பாட்டுக்காரர்கள் எழுதிய அதே சட்டம், அதே வரிகள். போடும்போது உயிரியல், காப்பாற்றும்போது படைப்பு. கல்யாணம் நடக்கக் கூடாது என்பது முதலில் முடிவாகிவிட்டது. காரணம் அந்தந்தக் காலத்துக்கு எந்தக் கடையில் மலிவோ அங்கே வாங்கப்பட்டது.

உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது 1967-ல். டென்னசி தன் பரிணாமத் தடையை விலக்கிக்கொண்டதும் அதே 1967-தான். எனக்கு இந்த ஒற்றுமை மேல் ஒரு ஆசை உண்டு, அதற்காக இதில் பெரிய அர்த்தம் எதையும் தேட வேண்டாம்.

இதே மாதிரி இன்னும் அடுக்கலாம். அடிமை முறையை ஆதரித்த சில அமெரிக்க விஞ்ஞானிகள் ஒவ்வொரு இனமும் தனித்தனியே படைக்கப்பட்டது என்றார்கள். ஹார்வர்டின் லூயி அகாசி அந்தக் கருத்தின் பெரிய பெயர், கடைசி வரை டார்வினை ஏற்காதவர். எல்லாரும் ஆதாமின் பிள்ளைகள்தானே என்று அதே ஆதியாகமத்தைத் திறந்துவைத்து அடிமை முறையை எதிர்த்த பிரசங்கிகளும் இருந்தார்கள். டார்வின் அடிமை முறையை வெறுத்த குடும்பத்தில் வந்தவர். பிரேசிலில் இதற்காகக் கப்பல் கேப்டனோடு சண்டை போட்டவர். அதே டார்வின் 1871-ல், நாகரிக இனங்கள் காட்டு இனங்களை அழித்துவிடும் என்றும் எழுதினார். அம்மை குத்துவதால் பலவீனர் பிழைக்கிறார்கள் என்று எழுதிய கையோடு, அதற்காக உதவியை நிறுத்தினால் நம்மிடம் உள்ள உயர்ந்த குணமே கெட்டுவிடும் என்றும் எழுதினார். பிரையன்? 1924-ல் தன் கட்சி மாநாட்டில், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்க வேண்டாம் என்று பேசியவர் அவர்தான். 1926-ல் அமெரிக்க இனமேம்பாட்டுச் சங்கம் பிரசங்கப் போட்டி வைத்தபோது போதகர்களும் கலந்துகொண்டார்கள். உங்கள் ஸ்டாஃப் ரூம் நண்பருக்கும் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

ஹிட்லர் விஷயம் சுருக்கமாக. 1933-ல் ஜெர்மனி கொண்டுவந்த கருத்தடைச் சட்டத்துக்கு அமெரிக்க மாதிரி ஒன்று முன்னால் இருந்தது. அந்த மாதிரியை எழுதிய ஹாரி லாஃப்லினுக்கு ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 1936-ல் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. இனப் போராட்டம் என்ற பேச்சு நாஜிகளிடம் நிறையவே உண்டு, அதை மறைக்காதீர்கள். யூதரை எதிர்ப்பதன் மூலம் ஆண்டவரின் வேலையைச் செய்கிறேன் என்று ஹிட்லர் எழுதியதையும் மறைக்காதீர்கள். அவரும் இரண்டு கடையிலும் வாங்கியவர்தான்.

இனி குளவிக்கு வருகிறேன். மண்கூடு கட்டும் குளவி ஒரு புழுவைப் பிடித்துக் கொண்டுபோய் அடைத்து, கொட்டிக் கொட்டிக் கடைசியில் அதையும் குளவியாக்கிவிடும் என்று நம் ஊரில் காலங்காலமாகச் சொல்வார்கள். குரு சீடனைத் தன்னைப் போல ஆக்குவதற்கு உவமை. என் தமிழாசிரியர் அதைச் சொல்லும்போது கண் கலங்குவார். நான் விலங்கியல் படிக்கப்போன முதல் வருஷம் ஒரு கூட்டை உடைத்துப் பார்த்தேன். உள்ளே பச்சைப் புழுக்கள், அசையாமல், ஆனால் சாகாமல். அவற்றின் மேல் குளவியின் முட்டை. கொட்டியது மரத்துப்போகச் செய்வதற்கு. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவை உயிரோடு தின்று வளர்கிறது. புழு ஒருநாளும் குளவி ஆகவில்லை. இதே மாதிரி புழுவை உயிரோடு தின்னும் வேறொரு குளவி வகையை நினைத்துத்தான் டார்வினும் 1860-ல் தன் நண்பர் ஆசா கிரேவுக்கு எழுதினார், உயிரோடிருக்கும் புழுவுக்குள் இருந்து தின்னட்டும் என்று கருணையுள்ள கடவுள் இதைப் படைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று. கிரே தாவரவியலாளர், பக்தியுள்ள கிறிஸ்தவர், அமெரிக்காவில் டார்வினுக்காக வாதாடியவர். அந்தக் கடிதத்துக்குப் பிறகும் அவர் கோயிலையும் விடவில்லை, டார்வினையும் விடவில்லை.

கூட்டை உடைத்த அன்று என் தமிழாசிரியர் பொய் சொல்லிவிட்டார் என்று கோபம் வந்தது. பிறகுதான் பட்டது: குளவி என்ன செய்தால் என்ன? குரு சீடனை உருவாக்குவது உண்மைதானே. குளவியிடமிருந்து அந்தப் பாடம் வரவில்லை, முன்பே மனசில் இருந்ததைக் குளவி மேல் ஏற்றி வைத்திருந்தோம். உண்மையான குளவியைப் பார்த்தவன் உயிரோடு தின்பதே தர்மம் என்று கிளம்பினால் அதுவும் அவன் ஏற்றி வைத்ததுதான். காட்டில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து வீட்டில் எப்படி நடப்பது என்பது தானாகக் கிளம்பி வராது.

ஆனால் எந்த விளைவுமே இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். பரிணாமம் ஒரு நல்லதையும் கட்டளையிடாது, ஆனால் சில பொய்களுக்கு இடம் விடாது. மனிதர் எல்லாரும் ஒரே கொடியில் வந்தவர்கள் என்று அது சொல்கிறது. தனித்தனிப் படைப்பு என்ற அகாசியின் கதை அங்கே செத்தது. வாயிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன் என்று பிறந்ததாகச் சொல்லும் ரிக் வேதத்துப் புருஷ சூக்தத்தையும் நடந்த வரலாறாக இனிப் படிக்க முடியாது. உங்கள் வரலாற்று ஆசிரியர் இதைத்தான் சொல்ல வந்தார், பாதி சரி. மிச்சப் பாதியை உங்கள் வகுப்பிலேயே பார்க்கலாம்.

உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மணிக்கட்டில் சாதிக்கொரு கலரில் கயிறு கட்டிக்கொண்டு வருவது எனக்குத் தெரியும், எதற்கு என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் மெண்டலின் மரபியல் பாடம் முடித்ததும் நன்றாகப் படிக்கிற ஒரு பையன் எழுந்து, "சார், அப்ப எங்க ஆளுங்க வீரம்லாம் ஜீன்லயே இருக்குல்ல?" என்றான். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டான். கொஞ்ச நாள் முன்பு வரை 'ரத்தத்துல ஊறினது' என்பார்கள், அதற்கு முன்பு 'தலையெழுத்து'. இப்போது ஜீன். கடவுள் பெயரால் வந்த கயிறு அறிவியல் பெயரால் இன்னும் இறுக்கமாகக் கட்டப்படுவதை என் கண் முன்னாலேயே பார்த்தேன். ஹண்டருடைய வால் அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை டீச்சர்.

ஆகவே பாடம் நடத்தும்போது மூன்று இடத்தில் நிதானியுங்கள். முதலாவது, குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை அறுபது எழுபது லட்சம் வருஷத்துக்கு முன்னால். இரண்டாவது, நம் தமிழ்ப் பாடப்புத்தகம் 'தக்கன பிழைத்தல்' என்கிறது, 'வலியன பிழைத்தல்' என்று சொல்லவில்லை. நல்ல மொழிபெயர்ப்பு, அதைக் கரும்பலகையில் எழுதி ஐந்து நிமிஷம் பேசுங்கள். மூலச் சொல்லே டார்வினுடையது இல்லை, 1864-ல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் உண்டாக்கியது. உதவி செய்யும் கூட்டமும் தக்கதாகப் பிழைக்கலாம், ஒட்டுண்ணியும் பிழைக்கலாம். மூன்றாவது, மரபியல் வரும்போது ஜீன் எதைத் தீர்மானிக்கும், எதைத் தீர்மானிக்காது என்பதை அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் எடுத்துவிடுங்கள்.

அரசியல் விளைவு என்று நான் உண்மையில் பயப்படுவது நம்பிக்கையைப் பற்றி அல்ல, புத்தகத்தில் என்ன இருக்கலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதைப் பற்றி. 2018-ல் ஒரு மத்திய இணை அமைச்சர், குரங்கு மனிதனானதை யாரும் பார்த்ததில்லை, பாடத்தை மாற்ற வேண்டும் என்றார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் மறுத்தன. 2023-ல் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பரிணாமப் பகுதி போய்விட்டது. பத்தாவதோடு உயிரியலை விடுகிற பிள்ளைகள் அங்கே இனி அதைப் படிக்கவே மாட்டார்கள். மறுபுறம் சோவியத் ரஷ்யாவில் மரபியலே முதலாளித்துவப் பொய் என்று லைசென்கோ என்ற வேளாண் ஆராய்ச்சியாளரின் கூட்டம் ஒழித்துக்கட்டியது. நிகோலாய் வாவிலோவ் என்ற மாபெரும் விதை விஞ்ஞானி 1943-ல் சிறையில் செத்தார். அது கடவுளே வேண்டாம் என்ற அரசாங்கம். அமெரிக்காவில் டோவர் என்ற ஊரில் பள்ளி நிர்வாகம் படைப்பு வாதத்தைப் புதுச் சட்டை போட்டு உள்ளே விட்டபோது வழக்கு போட்ட பெற்றோர் தரப்பில் முக்கியச் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். 2005-ல் அதை விரட்டித் தீர்ப்பெழுதிய நீதிபதி, குடியரசுக் கட்சி ஜனாதிபதி புஷ் நியமித்தவர்.

அந்த அப்பா மறுபடி வந்தால் ஸ்டாஃப் ரூமில் நிற்கவைத்துப் பேசாதீர்கள், உட்காரச் சொல்லுங்கள். "உங்க பயம் நியாயமான பயம், ஒரு காலத்துல இந்தப் பாடத்தோட சேர்த்துக் கெட்டதும் சொல்லிக் கொடுத்திருக்காங்க, அதை நான் சொல்லிக் கொடுக்கல" என்று ஆரம்பியுங்கள். நம் புத்தகத்தைத் திறந்து அவரையே தேடச் சொல்லுங்கள். பையன் பொதுத்தேர்வில் பாடத்தில் உள்ளதை எழுதட்டும், அதற்காக அவன் கோயிலுக்குப் போவதை யாரும் நிறுத்தப் போவதில்லை. நீங்களும் கோயிலுக்குப் போகிறவர்தான் என்பதை அவர் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். அது சான்றிதழ் மாதிரி ஆகிவிடும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா பேசியது இருக்கிறது, வரலாற்று ஆசிரியர் பேசியது இருக்கிறது. அந்தப் பையன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் வகுப்பில் என்ன கேட்டான், வீட்டில் போய் அப்பாவிடம் என்ன சொன்னான்? விசாரித்து எழுதுங்கள்.